எந்த செமினரி என்பதற்கு முன்னால், எந்தத் திருச்சபை

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். வயது 32, கணக்குத் தணிக்கை வேலை, நான்கு வருடங்களாக, மார்ட்டின் லுத்தரின் வழிவந்த ஒரு லுத்தரன் சபையில் இருக்கிறார், ஊழியத்துக்கு அழைப்பு இருப்பதாக உணர்கிறார். அவர் கேட்டவை நான்கு. லுத்தரன் செமினரிகளில், அதாவது போதகர்களைப் பயிற்றுவிக்கும் இறையியல் கல்லூரிகளில், எது சிறந்தது? வேலையை விடாமல் ஆன்லைனில் படிக்க முடியுமா? எபிரேயமும் கிரேக்கமும் உண்மையிலேயே வேண்டுமா? இறையியல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார், அப்படி நடக்குமா? கடைசி வரியில், போகிற போக்கில், "நான் ஒரு பெண், இது முக்கியமா என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். நீங்கள் கல்லூரியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்கள் எழுத்தில் எனக்குக் கேட்டது வேறு. எந்த வழியில் போனால் ஒருநாள் ஒரு சபைக்கு முன்னால் போதகராக நிற்க முடியும் என்பதே உங்கள் கேள்வி. நல்ல கல்லூரி எது என்பதும் இதுவும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்து, இரண்டாவதைக் கேட்காமலே விட்டவர்கள் சிலரை நான் அறிவேன். நான் 23 வருடம் சபைப் போதகராக இருந்தேன். அதன் பிறகு 9 வருடம் ஒரு செமினரியில் பிரசங்கக் கலை கற்பித்தேன். ஊழியத்துக்கு விண்ணப்பிப்பவர்களை நேர்காணும் குழுவிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு அழைப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. உங்களைப் பார்க்காத யாராலும் முடியாது.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லுத்தரன் மரபில் செமினரி யாரையும் போதகராக ஆக்குவதில்லை. லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான, 1530-ல் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான். முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ, திருமுழுக்கு, திருவிருந்து போன்ற சாக்கிரமெந்துகளை நிறைவேற்றவோ கூடாது என்பது அதன் சாரம். உள்ளத்தில் கேட்கும் அழைப்பை லுத்தரன்கள் மதிக்கிறார்கள். ஆனால் அது போதாது. வெளியிலிருந்து, சபையின் வாயிலிருந்தும் அழைப்பு வர வேண்டும். 1733-ல் தரங்கம்பாடி மிஷனில் குருப்பட்டம், அதாவது போதகராக நியமனம், பெற்ற ஆரோன் என்ற தமிழர் அதற்கு முன் பல வருடம் உபதேசியாராக உழைத்தவர். அவரோடு உழைத்தவர்கள் அவரை அறிந்திருந்தார்கள், பிறகுதான் பட்டம். இன்றைக்குக் கல்லூரி, தேர்வு, குழு என்று நடைமுறை பெருத்துவிட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை. கல்லூரி உங்களைத் தயார் செய்யும், திருச்சபைதான் அழைக்கும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் வலிக்கிற உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் கன்கார்டியா செமினரி 1839-ல் தொடங்கியது. மிசூரி சினோடு என்ற திருச்சபையின் பெருமை அது. வேதாகமத்தை எப்படி வாசிப்பது என்ற சர்ச்சை முற்றி, 1974 ஜனவரியில் அதன் தலைவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதமே ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பெரும்பாலோர் வளாகத்தை விட்டு வெளியேறித் தனி செமினரி தொடங்கினார்கள். அதே ஆசிரியர்கள், அதே பாடங்கள். ஆனால் அங்கே படித்து முடித்தவர்களை ஊழியத்துக்குத் தகுதியானவர்கள் என்று சினோடு ஏற்கவில்லை. அவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க அனுமதித்த மாவட்டத் தலைவர்கள் நான்கு பேர் 1976-ல் பதவி இழந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் இங்கே போக விரும்பவில்லை, இரு பக்கத்திலும் மனசாட்சியோடு நின்றவர்கள் உண்டு. எனக்கு மனதில் நிற்பது அந்த மாணவர்கள்தான். படிப்பில் குறையில்லை, அழைப்பின் உணர்விலும் குறையில்லை. ஆனால் பட்டம் வாங்கிய கையோடு போய் நிற்க ஒரு சபை இல்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். லுத்தரன் என்ற பெயர் ஒன்றுதான், அதற்குள்ளே குடும்பங்கள் பல. 1947-ல் சுவீடனின் லுண்ட் நகரத்தில் தொடங்கிய லுத்தரன் உலக சம்மேளனத்தைச் சேர்ந்த திருச்சபைகளில் பெரும்பாலானவை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கின்றன. டென்மார்க்கில் 1948-லும், சுவீடனில் 1960-லும், நார்வேயில் 1961-லும் முதல் பெண் போதகர்கள் வந்தார்கள். இன்று அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் சபை என்று ஒன்றாகியிருக்கும் அமைப்பின் முன்னோடிச் சபைகள் 1970-ல் அந்த முடிவை எடுத்தன. போலந்தில் 2022-ல்தான் நடந்தது. எல்லா இடத்திலும் காற்று ஒரே திசையில் வீசுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். லாத்வியாவின் லுத்தரன் சபை ஆண்களுக்கு மட்டுமே குருப்பட்டம் என்று 2016-ல் தன் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. மிசூரி சினோடும், சர்வதேச லுத்தரன் கவுன்சிலில் அதோடு சேர்ந்திருக்கும் சபைகளும் பொதுவாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் இன்னொரு லுத்தரன் திருச்சபையான விஸ்கான்சின் சினோடும் அப்படித்தான்.

இதில் தடுமாற வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. குருப்பட்டம் கொடுக்காத சபைகள் சிலவற்றின் செமினரிகளிலும் பெண்கள் படிக்கலாம். செயின்ட் லூயிஸிலும் ஃபோர்ட் வெயினிலும் உள்ள இரண்டு கன்கார்டியா செமினரிகளிலும் டீக்கனஸ் ஊழியத்துக்கான, அதாவது குருப்பட்டம் இல்லாத பெண்கள் செய்யும் சேவை ஊழியத்துக்கான, படிப்பு இருக்கிறது. அது மதிப்புள்ள ஊழியம். நோயாளிகளோடும் துக்கத்தில் இருப்பவர்களோடும் வாழ்நாள் முழுக்க நிற்கிற பணி. அந்த ஊழியத்துக்கென்றே அழைக்கப்பட்டவர் அங்கே மனநிறைவோடு படிக்கலாம். ஆனால் பீடத்தில் நின்று திருவிருந்து பரிமாறுவதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்றால், அந்த வாசல் வழியாக அங்கே போய்ச் சேர முடியாது. சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது என்பதைக் குருப்பட்டத்துக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகவே, நீங்கள் பெண் என்பது முக்கியமா என்று கேட்டதற்குப் பதில், ஆம். கடவுள் முன்னால் உங்கள் தகுதியை அது கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஆனால் எந்தத் திருச்சபை உங்களை அழைக்கும் என்பதை அது தீர்மானிக்கும், அதுவே செமினரியையும் தீர்மானிக்கும். இப்போது நீங்கள் இருக்கும் சபை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். தயங்காமல் நேராகவே கேளுங்கள்.

அடுத்தது விசுவாச அறிக்கைகளைப் பற்றி. இதைப் பலர் வெறும் சடங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். 1580-ல் தொகுக்கப்பட்ட கன்கார்டு நூலில் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்க லுத்தர் எழுதிய இரண்டு ஞானோபதேசங்களும் இன்னும் சில ஆவணங்களும் இருக்கின்றன. டென்மார்க், நார்வே சபைகள் அவற்றில் உள்ள சீர்திருத்தக் கால ஆவணங்களில் ஆக்ஸ்பர்க் அறிக்கையையும் சிறிய ஞானோபதேசத்தையும் மட்டுமே தங்கள் அடிப்படையாக வைத்திருக்கின்றன. முழு நூலையும் ஏற்கும் சபைகளிடையேகூட, ஏற்பது எப்படி என்பதில் வேறுபாடு உண்டு. "இவை வேதத்துக்கு இசைந்திருப்பதால் ஏற்கிறேன்" என்பது ஒரு நிலை. "இவை வேதத்துக்கு இசைந்திருக்கிற அளவுக்கு ஏற்கிறேன்" என்பது இன்னொரு நிலை. கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வகுப்பறையில் ஆசிரியர் எந்த இடத்தில் விவாதத்தைத் திறந்து வைக்கிறார், எந்த இடத்தில் மூடுகிறார் என்பதெல்லாம் இந்த ஒரு சொல் வித்தியாசத்திலிருந்து வரும். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள். நீங்களும் அவர்களிடம் இதைக் கேளுங்கள். பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்கிற கல்லூரி, எந்த நிலையை எடுத்திருந்தாலும், மதிக்கத்தக்கது.

திருச்சபை முடிவாகிவிட்டால் செமினரிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். பல இடங்களில் திருச்சபையே இன்ன கல்லூரிக்குப் போ என்று சொல்லிவிடும். ஜெர்மனியின் மாநிலத் திருச்சபைகளுக்குப் போதகராக வேண்டுமென்றால் பெரும்பாலும் பல்கலைக்கழக இறையியல் துறையில் படித்து முதல் தேர்வு எழுத வேண்டும். அப்புறம் சுமார் இரண்டு வருடம் ஒரு சபையில் விக்கராக, அதாவது பயிற்சிப் போதகராக, வேலை, பிறகு இரண்டாம் தேர்வு. சென்னையின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி பல லுத்தரன் திருச்சபைகளுக்குப் பொதுவானது. எத்தியோப்பியாவில் அதிஸ் அபாபாவின் மேகனே யேசுஸ் செமினரி அந்தப் பெயருள்ள திருச்சபைக்கே உரியது. அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க், பிலடெல்பியா என்ற இரண்டு பழைய செமினரிகள் 2017-ல் ஒன்றாகிவிட்டன. கடைசியாகச் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம். மாணவர் எண்ணிக்கை குறைந்து செமினரிகள் இணைவதும் இடம் மாறுவதும் இப்போது சாதாரணம். நீங்கள் சேரும் கல்லூரி நான்கு வருடம் கழித்தும் அதே இடத்தில், அதே ஆசிரியர்களோடு இருக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

பட்டியலில் இரண்டு மூன்று மிஞ்சினால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இனி வருபவை என் அனுபவத்தில் வந்த கணிப்புகள். வேறொரு போதகர் வேறு மாதிரி சொல்லலாம். நான் நூலகத்தையும் பெயரையும் பார்த்துத்தான் என் செமினரியைத் தேர்ந்தெடுத்தேன். படிப்பு பிரமாதம். ஆனால் சபைக்குப் போன முதல் வருடத்திலேயே மூன்று மாதக் குழந்தை ஒன்றை அடக்கம் செய்ய வேண்டி வந்தது. வழிபாட்டுப் புத்தகத்தை வாசித்து முடித்த பிறகு, அந்தத் தாயின் பக்கத்தில் எப்படி நிற்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு உதவியது, அந்தச் சபையின் மூத்த பெண்மணி ஒருவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்ததுதான். அதைப் பார்த்துக் கற்றேன். அதனால் நான் முதலில் விசாரிப்பது பயிற்சிக் காலத்தைப் பற்றி. எவ்வளவு காலம் சபையில் பயிற்சி? மிசூரி சினோடில் வழக்கமாக மூன்றாம் வருடம் முழுவதும் சபையில்தான் கழியும். பயிற்சிக்கு மேற்பார்வை செய்யும் போதகரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? மருத்துவமனை ஊழியப் பயிற்சி உண்டா? அதில் நடந்ததை வாரம் தவறாமல் உட்கார்ந்து பேசிப் பார்க்க ஆள் உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத கல்லூரியை, அதன் பேராசிரியர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிந்தால் நேரில் போங்கள். சேர்க்கை நாள், திறந்த வளாக நாள் என்று அவர்கள் அழைக்கும் நாளை விட்டுவிட்டு ஒரு சாதாரண வார நாளில் போய், சிற்றாலயத்தில் கடைசி வரிசையில் உட்காருங்கள். ஆசிரியர்கள் வருகிறார்களா என்று பாருங்கள். பிரசங்கத்தில் நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும் வேறு வேறாகக் கேட்கின்றனவா என்று கவனியுங்கள். லுத்தரன் பிரசங்கத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. "நீ இன்னும் நன்றாக முயற்சி செய்" என்று முடிகிற பிரசங்கத்தை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். "உனக்காக இது செய்து முடிக்கப்பட்டது" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கற்றுத் தருகிற இடம் வேண்டும். பிறகு கடைசி வருட மாணவர்களோடு பேசுங்கள். "இங்கே உங்களுக்கு மிக மோசமாக இருந்த வாரத்தில் யாரிடம் போனீர்கள்?" என்று கேளுங்கள். உடனே ஒரு பெயர் வந்தால் நல்லது. யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில், அங்கே படித்த பெண்களுக்குப் படிப்பு முடிந்து எத்தனை மாதத்தில் சபை கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். சட்டத்தில் இடம் இருப்பதும் ஒரு சபை உண்மையில் அழைப்பதும் ஒன்றல்ல.

மொழிகளுக்கு வருகிறேன். எபிரேயமும் கிரேக்கமும் வேண்டும். 1524-ல் நகர மன்றங்களுக்கு எழுதிய கடிதத்தில் லுத்தர், மொழிகள் என்பவை ஆவியின் பட்டயம் வைக்கப்பட்டிருக்கும் உறை என்றார். 'தவம் செய்யுங்கள்' என்று லத்தீனில் படித்துப் பழகிய இடத்தில் கிரேக்கம் 'மனம் மாறுங்கள்' என்று சொல்கிறது என்று அவர் கண்டுகொண்டது திருச்சபைச் சீர்திருத்தத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய திறப்பு. நம் தமிழ் வேதாகமத்தில் 'மனந்திரும்புங்கள்' என்று சரியாகவே இருப்பதால் அந்த அதிர்ச்சி நமக்குத் தெரிவதில்லை. என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முதியவர் மருத்துவமனையில், அனேகமாகக் கடைசி வாரம். 23-ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னார். "என் ஜீவனுள்ள நாளெல்லாம் நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்" என்று வாசித்தேன். "எங்கே ஐயா தொடர்ந்தது, நான்தான் வாழ்க்கை முழுக்க எதிலிருந்தோ ஓடிக்கொண்டே இருந்தேன்" என்றார். அந்த இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் வினைச்சொல் 'ராதஃப்'. எதிரிகள் துரத்தி வருவதைச் சொல்லவும் சங்கீதங்களில் அதே சொல்தான். அதை அவரிடம் சொன்னேன். கிருபை உங்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வரவில்லை, ஓடுகிறவரைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை வாசிங்க" என்றார். முதல் வருடத்தில் வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்து அலுத்துப்போன இரவுகள் அனைத்தும் அந்த ஒரு படுக்கை ஓரத்துக்குப் போதும் என்று எனக்குத் தோன்றியது. மொழிகளைக் கட்டாயமாக்காத பாடத்திட்டங்களும் உண்டு. அவற்றில் படித்தவர்களிலும் நல்ல போதகர்கள் இருக்கிறார்கள். ஆனால் கற்க வாய்ப்பு இருக்கும்போது நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

ஆன்லைன் விஷயத்தில் என் கருத்து சில வருடங்களில் மாறியிருக்கிறது. முன்பு ஒரேயடியாக வேண்டாம் என்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவின் லுத்தர் செமினரி போன்ற இடங்களில் பெரும்பகுதியைத் தொலைவில் இருந்தே படிக்க முடிகிறது. வேலையும் வீடும் உள்ளவர்களுக்கு அது மட்டுமே திறந்திருக்கும் கதவாகவும் இருக்கலாம். சபை வரலாறு, திருமறை அறிமுகம், மொழிகள்கூட, திரையில் நன்றாகவே கற்கலாம். பிரசங்கமும் ஆற்றுப்படுத்தலும் அப்படி வராது. சக மாணவர்கள் முன்னால் நின்று பிரசங்கம் செய்து, அவர்கள் முகம் எந்த இடத்தில் தளர்ந்தது என்று பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆகவே தொலைநிலை என்றால், வருடத்தில் சில வாரங்களாவது வளாகத்தில் தங்கிப் படிக்கும் ஏற்பாடு உள்ளதாகப் பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் சொந்தச் சபையில் அந்த வருடங்கள் முழுதும் யாராவது ஒரு போதகர் உங்களைக் கையோடு அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் ஆன்லைன் வேண்டாம் என்றே சொல்வேன்.

அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. அவரிடம் அதைச் சொல்லுங்கள். வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்தாகமங்களை மோசேதான் எழுதினாரா என்ற கேள்வியை முதல் பருவத்திலேயே சந்திப்பீர்கள். சில செமினரிகள் பல கைகள் எழுதியவை என்று கற்பிக்கும், சில மறுத்துக் கற்பிக்கும், எதுவானாலும் கேள்வி வரும். விசுவாசத்தை இழந்த மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை, புத்தகங்களால் அப்படி ஆனவர்கள் குறைவு. ஆராதனைக்கு வருவதை நிறுத்தியவர்கள், ஜெபத்தைத் தேர்வுக்குப் பிறகு என்று தள்ளிப் போட்டவர்கள், சந்தேகத்தை யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். லுத்தர் 1539-ல், தன் ஜெர்மன் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், இறையியலாளரை உருவாக்குபவை ஜெபம், தியானம், சோதனை ஆகிய மூன்றும்தான் என்றார். சோதனையை அவர் விபத்தாகப் பார்க்கவில்லை, பாடத்திட்டத்தில் ஒரு பாடமாகவே வைத்தார். உங்கள் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ள ஒரு பாவ அறிக்கைப் போதகரையோ நம்பிக்கைக்குரிய மூத்தவரையோ முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் அந்த நபரின் பெயரைச் சொன்னால் அவருக்குப் பாதி பயம் குறையும் என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. போதகரின் சம்பளத்தில் பெரிய கல்விக் கடனை அடைப்பது மிகவும் கடினம். கடன் சுமையால் ஏழைச் சபையின் அழைப்பை ஏற்க முடியாமல் போனவர்களை அறிவேன். உங்களை அனுப்பும் திருச்சபை செலவில் எவ்வளவு ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் பிறகு சேருங்கள். கணக்கு உங்கள் தொழில், அதனால் இதை நான் நீட்டவில்லை. 32 வயது தாமதமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கலாம். நேர்காணல் குழுவில் நாங்கள் அதிகம் தயங்கியது 22 வயதுக்காரர்களிடம்தான்.

ஆகவே இந்த வாரம் உங்கள் போதகரிடம் நேரம் கேட்டு, அழைப்பைப் பற்றியும் நீங்கள் பெண் என்பதைப் பற்றியும் முதல் பத்து நிமிடத்திலேயே பேசிவிடுங்கள். விண்ணப்பதாரர் குழுவுக்கு யாருக்கு எழுதுவது என்று அவர் சொல்வார். குழு முடிவெடுக்க ஒரு வருடமும் ஆகலாம், அதற்காக மனம் சோர வேண்டாம். அந்தக் காத்திருப்பில் ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள். இரவில் அரை மணி நேரம் கிரேக்க எழுத்துகளோடு உட்காருங்கள். மொத்தம் 24 எழுத்துகள்தான், ஒரு வாரத்தில் வந்துவிடும். வந்தவுடன் யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தை எடுத்து, அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசியுங்கள்.